கத்தியும் புள்ளியும்

எனாமல் பெயின்ட்டும் அணில்முடித் தூரிகையும் கொண்டு லாரிகளின் முதுகில் எழுத்தெழுதி ஜீவனம் செய்துவந்தவர்களிற் சிலர் இப்போது ஸ்டிக்கர் கட்டிங் கடைக்காரர்களாக மாறியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அத்தொழிலின் போக்கை நேரில் அறியும் ஆவலினால், மதுரை ரயில் நிலையத்துக்கு அண்மையிலுள்ள சந்து ஒன்றில் அத்தகைய பெரியவர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தேன். சுவரோரம் வர்ண வர்ணமாய் வினைல் சுருள்கள். மேஜைமீது விலை மலிவான சிறிய கட்டிங் பிளாட்டர் ஒன்று.

ஆட்டோவின் பின்கண்ணாடிக்காக ‘முருகன் துணை’ வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள வேஸ்ட்டை உரித்தபோது, ‘ன்’ மேலிருந்த புள்ளியும் அதனோடு சேர்ந்து போய்விட்டது. உதவிக்கு இருந்த இளைஞன் கத்தியின் அழுத்தத்தைக் கூட்டினான். இந்தத் தடவை அடித்தாளும் சேர்ந்து அறுந்தது. புள்ளியின் வட்டம் மட்டும் அப்போதும் மூடவில்லை.

“அழுத்தத்த ஏத்தாத தம்பி, மொதல்ல கத்தியக் கழட்டு” என்றார் பெரியவர்.

அவ்வார்த்தையின் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. இவ்வகை யந்திரங்களிற் பலவும் பேசுகிற எச்.பி.ஜி.எல். என்னும் மொழி, 1970களில் ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனியார் பேனாவால் படம் வரையும் பிளாட்டர்களுக்காக உண்டாக்கியது. ஒரு மில்லிமீட்டரை நாற்பது கூறாக்கி, பேனாவைத் தூக்கு, பேனாவை இறக்கு, இன்ன இடத்துக்குப் போ என்று அது கட்டளையிடுகிறதேயன்றி, பிடியிலிருப்பது கத்தி என்ற ஞானம் அதற்குக் கிடையாது. கத்தியின் முனையோ, தள்ளுவண்டியின் சுழல் சக்கரத்தைப் போலத் தன் அச்சுக்கு நடுவில் இல்லாமல், பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பின்தங்கியே இழுபட்டுப் போகிறது. இந்த ‘ஆஃப்செட்’டைச் சாப்ட்வேரில் குறித்துக் கொடுத்தாலும், கத்தி தன் பிடிக்குள் தடையின்றிச் சுழன்றால்தான் அதனால் பிரயோஜனம் உண்டு. பெரிய எழுத்துக்களில் கண்ணுக்குத் தப்பிவிடும் இக்குறை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள புள்ளியில் வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே தமிழில் ஸ்டிக்கர் வெட்டுகிறவனுக்குப் புள்ளியைவிடக் கண்டிப்பான பரீட்சை வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

கழற்றிய பிடிக்குள் வினைல் துணுக்குகள் சேர்ந்து பேரிங்கை இறுக்கியிருந்தன. பெரியவர் அதைத் துடைத்து, கத்தியை மறுபடி செருகி, விரல்நுனியால் சுழற்றிப் பார்த்துத் திருப்தியடைந்த பின், ஒரு சதுரமும் அதனுள் ஒரு வட்டமும் சோதனைக்காக வெட்டச் செய்தார். வினைலின் கனமே 0.08 மில்லிமீட்டர் அளவுதான். அது அறுந்து, அடித்தாளில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் மாத்திரம் விழவேண்டும். விழுந்தது. புள்ளியும் தங்கியது.

ஆனால் நீளமான வேலையொன்று பாதியை எட்டியபோது எழுத்துக்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. பெரியவர் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பவேயில்லை. சுருளிலிருந்து இரண்டு முழம் வினைலை இழுத்துத் தளரவிட்டு, உருளைகளின் பிடி இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று சரிபார்த்தார். விலை உயர்ந்த சர்வோ யந்திரம் தன் மோட்டார் எவ்வளவு சுழன்றது என்பதையாவது தானே சோதித்து அறியும். மலிவான யந்திரத்தின் ஸ்டெப்பர் மோட்டாரோ எண்ணிய அடிகளையெல்லாம் எடுத்துவைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, பாரமான சுருள் பின்னுக்கு இழுத்ததையும் தாள் வழுக்கியதையும் அறியாமலே வேலையைத் தொடர்ந்துவிடும். அறியவேண்டியவன் பக்கத்தில் நிற்கிற மனிதன். யந்திரம் வந்தபின் கைத்திறனுக்கு வேலையில்லை என்று சொல்லுகிறவர்கள் இக்கடைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

வியாபாரம் முன்போல் இல்லையாம். 2019 ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வரும் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமாகிவிட்டபடியால், நித்திய வருமானமாயிருந்த நம்பர் ஸ்டிக்கர் வேலை குறைந்துவிட்டது. பெயர்களும் சாமி வாசகங்களும் கடைக்கண்ணாடி எழுத்துக்களும்தான் மிச்சம்.

இத்தகைய யந்திரம் வாங்க எண்ணுகிறவர்களுக்குப் பெரியவர் சொல்லியனுப்பிய புத்திமதி ஒன்று உண்டு. சுருளை உரிக்கும்போது வினைலில் உண்டாகும் மின்னேற்றம் யந்திரத்தை நடுவழியில் ஸ்தம்பிக்கச் செய்துவிடக் கூடுமாதலால், யந்திரத்துக்குப் பணம் கொடுக்குமுன் கடையின் பிளக்கில் எர்த் உண்டா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.