பழைய எஞ்சினுக்குப் புதுப் பலம்

கணவரை இழந்தும், அவர் எங்கே என்று தெரியாமலும் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் சகோதரிகள் பலர் இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இது புதினமல்ல. இங்கே சப்ரகமுவத் தோட்டங்களில் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஓடப் பழகிவிட்டோம், ஆனால் எஞ்சின் பழுதானால் கராஜில் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுக்கிறோம். அது மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்செயலில் லயம் எரிந்து, வவுனியாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் வன்னியில்தான். 2009இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து வெளியே வந்ததும், காவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்த அத்தையிடம் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தேன்.

எனது தொழில் லயங்களுக்குச் சாமான் கொண்டுபோய் விற்பது. கருவாடு, பருப்பு, தேங்காய் என்று நாற்பது கிலோ வரை ஏற்றுவேன். சம்பளத்தன்று காசு வாங்குவேன். வண்டி, சங்கக் கடனில் வாங்கிய பழைய ஹீரோ ஹொண்டா, 100 சி.சி. பல வருடம் நன்றாகத்தான் உழைத்தது. 2022இல் மேட்டில் இழுக்க மாட்டாமல் நின்றது. முதலாம் கியரிலும் முக்கியது. பின்னால் நீலப் புகை. மேல் டிவிசனுக்குப் போக முடியாவிட்டால் எனது வியாபாரத்தில் பாதி போய்விடும்.

அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல்தான். வாகன இறக்குமதியும் 2020 மார்ச் முதல் நின்றிருந்ததால் பழைய வண்டிகளின் விலையே ஏறிக் கிடந்தது. வேறு வண்டி வாங்குவது நினைக்கவே முடியாத காரியம். கையில் இருந்தது சீட்டுக் காசு 25,000 ரூபாய்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர், "அக்கா, பெரிய வண்டிப் பிஸ்டனைப் போடுங்க. ஹெட்டையும் கொஞ்சம் சீவினா பறக்கும்" என்றார். டவுனில் கராஜ் வைத்திருக்கும் சிங்களப் பாஸ் ஒருவரிடம் போனேன். எங்களை விரட்டிய மண்ணில், அரைகுறைச் சிங்களத்தில் பேசி ஏமாந்துவிடுவேனோ என்ற பயம் மனதில் இருந்தது. அவர் வண்டியை மிதித்துப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "நங்கி, முதல்ல போன பலத்தை எடுப்போம். கூடுதல் பலத்தைப் பிறகு பார்ப்போம்."

அவர் காட்டித் தந்த சோதனையை நீங்களும் செய்யலாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, மீண்டும் பூட்டி உதைத்துப் பாருங்கள். முன்பைவிட உதை இறுக்கமாக இருந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. மாற்றம் இல்லாவிட்டால் வால்வு ஒழுகுகிறது என்று சந்தேகிக்கலாம். சைக்கிள் பம்பின் தோல் வோசர் காய்ந்து போனால் காற்று ஏறாதல்லவா? அதேதான். பெற்றோல் எரிந்து வரும் அமுக்கம் பிஸ்டனைத் தள்ளாமல் பக்கத்தால் கசிந்துவிடுகிறது.

எனது வண்டியில் இரண்டுமே இருந்தன. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். அந்தப் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று படிப்படியாகக் கிடைக்கும். தேய்மானம் போகும் அளவுக்கு மட்டுமே கடைய வேண்டும். அப்போதுதான் அடுத்த முறைக்கும் இடமிருக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதை அளந்தே கடைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. எனக்கு 0.50 போதுமாக இருந்தது.

இதனால் எஞ்சின் எவ்வளவு பெரிதாகிறது? என் வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீற்றர், கொள்ளளவு 97.2 சி.சி. 0.50 கூட்டினால் 99.2 சி.சி. நூற்றுக்கு இரண்டு வீதம்தான் கூடுகிறது. அப்படியானால் மேட்டில் ஏறும் பலம் எங்கிருந்து வந்தது? கசிவு நின்றதில் இருந்து வந்தது. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. ஓட்டையை அடைத்தால் பழைய அளவே போதும்.

வால்வு தேய்க்கும் வேலையை நானே செய்தேன். தேய்க்கும் பசையைப் பூசி, மத்துக் கடைவது போல இரண்டு உள்ளங்கைகளாலும் உருட்ட வேண்டும். வால்வின் விளிம்பில் சாம்பல் நிற வளையம் ஒரே சீராகத் தெரியும்வரை தேய்த்து, பசையைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். பிறகு வால்வை மூடி, வழியில் பெற்றோல் ஊற்றிப் பார்த்தோம். ஒரு துளி ஒழுகவில்லை. "அம்மியில் அரைத்த கை" என்றார் பாஸ்.

கடைசியாக முன் பற்சக்கரத்தை மாற்றினோம். 14 பல் இருந்த இடத்தில் 13 பல். இதனால் பின் சில்லில் கிடைக்கும் இழுவை நூற்றுக்கு ஏழெட்டு வீதம் கூடும். உச்ச வேகம் அந்தளவுக்குக் குறையும். மலையில் சாமான் ஏற்றுபவளுக்கு வேகம் எதற்கு?

பெரிய பிஸ்டன் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். சிலிண்டர் சுவர் மெலியும். சூடு கூடும். சிறிய எஞ்சினுக்குச் செய்த பெயாரிங்கும் பிரேக்கும் அதைத் தாங்காது. ஹெட்டைச் சீவினால் அமுக்கம் கூடி, நாம் அடிக்கும் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு எஞ்சின் தட்டத் தொடங்கலாம். பதிவுப் புத்தகத்தில் சி.சி. எழுதியிருக்கிறது, விபத்து என்று வந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

இது ஆண்களின் வேலை என்று சொல்பவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தில் 1909இல் பிறந்த பீட்ரிஸ் ஷில்லிங் ஒரு பொறியியலாளர். தானே சீர்செய்த நோர்ட்டன் மோட்டார் சைக்கிளில் 1934இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையை மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றியவர். இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானங்கள் திடீரெனத் தலைகுப்புறப் பாயும்போது எஞ்சின் நின்று போனது. அளவுக்கு மீறிப் பெற்றோல் பாய்வதும் அதற்கொரு காரணம். துளையிட்ட சிறு உலோக வளையம் ஒன்றைப் பொருத்தி அவர் அதைத் தீர்த்தார். எஞ்சினுக்குப் பலம் வந்தது கூட்டிக் கொடுத்ததால் அல்ல, அளவாக்கியதால்.

நமக்கும் இது புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மக்கள் நாங்கள்.

சகோதரிகளே, எஞ்சின் கழற்றும்போது பக்கத்தில் இருங்கள். கழற்றிய பழைய பிஸ்டனையும் ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். புதியது எந்த அளவு என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் 500 கிலோமீற்றர் பாரம் ஏற்றாமல், முறுக்காமல் ஓடி, ஒயிலை மாற்றுங்கள். காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருங்கள். உள்ளே போகும் தூசிதான் சிலிண்டரைத் தின்கிறது.

சீட்டுக் காசுக்குள் வேலை முடிந்தது. முன்பு ஐந்து நாளில் தீர்ந்த 4 லீற்றர் பெற்றோல் வாரம் முழுவதும் வந்தது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. ஆனாலும் புது வண்டியின் விலை எனக்கு எட்டாத உயரம். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. தேங்காய் மூட்டையோடு இரண்டாம் கியரில் மேல் டிவிசனுக்கு ஏறுகிறேன். என் மகளும் இப்போது பிளக் கழற்றப் பழகிவிட்டாள்.