தூக்கிப்போட நாலு பேர் இல்லாதவருக்கும் ஒருவர் வருவார்! - ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையின் கதை

"என்ன சம்பாதிச்சு என்ன, கடைசியில தூக்கிப்போட நாலு பேர் வேணும்!" - நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. அந்த நாலு பேர்கூட இல்லாமல் போனால்?

1948-ல் இந்தக் கேள்வி ஒரு தம்பதியை உறுத்தியது. கணவர் ஹோய்ட் வான்டன்பெர்க், அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதி. மனைவி பெயர் கிளாடிஸ். தலைநகர் வாஷிங்டனை ஒட்டியிருக்கும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு விமானப்படை வீரரின் இறுதிச் சடங்கு. பாதிரியார் இருந்தார், மரியாதை செலுத்தும் வீரர்கள் இருந்தார்கள். அழுவதற்கு, இறந்தவருக்கென்று ஒருவரும் இல்லை. மனசு கேட்காத கிளாடிஸ், மற்ற அதிகாரிகளின் மனைவிகளைச் சேர்த்துக்கொண்டார். இனி எந்த விமானப்படை வீரரை அடக்கம் செய்தாலும் தங்களில் ஒருவர் அங்கே நிற்பது என்று முடிவானது.

பின்னாளில் தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை என மற்ற படைகளிலும் இந்த வழக்கம் வந்தது. 'ஆர்லிங்டன் லேடீஸ்' என்று அழைக்கப்படும் இந்தத் தன்னார்வப் பெண்கள், மழையானாலும் பனியானாலும் வந்து நிற்கிறார்கள். குடும்பத்தார் வந்திருந்தால் ஆறுதல் சொல்லி ஒரு கடிதம் கொடுக்கிறார்கள். யாருமே வரவில்லை என்றால், அந்த வீரருக்கு உறவு அன்று அவர்கள்தான்.

இவ்வளவு இரக்கத்தோடு நடக்கும் இந்த இடம், ஒரு குடும்பத்தின் மீதான கோபத்தோடு தொடங்கியது என்றால் நம்புவீர்களா?

எதிரியின் வீட்டு ரோஜாத் தோட்டம்

வாஷிங்டனில் இருந்து பொட்டோமாக் ஆற்றைத் தாண்டினால், வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குன்று. அதன் உச்சியில் பெரிய தூண்கள் வைத்த மாளிகை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் பேரனாக வளர்த்த ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் கட்டிய வீடு அது. அவர் மகள் மேரியை மணந்தவர் ராபர்ட் இ.லீ என்ற ராணுவ அதிகாரி.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை விட மறுத்துப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் பக்கம் லீ போனார். அவர்களின் புகழ்பெற்ற தளபதியும் ஆனார். மாளிகையை வடக்குப் படை கைப்பற்றியது. நிலத்துக்கு 92 டாலர் 7 சென்ட் வரி விதித்து, உரிமையாளர் நேரில் வந்து கட்ட வேண்டும் என்றது அரசு. உடல்நலம் குன்றி, போர்முனைக்கு அந்தப் பக்கம் இருந்த மேரி, உறவினர் ஒருவரிடம் பணம் கொடுத்து அனுப்பினார். வாங்க மறுத்துவிட்டார்கள். 1864 ஜனவரியில் நிலம் ஏலத்துக்கு வந்தது, அரசே எடுத்துக்கொண்டது.

அப்போது வாஷிங்டன் மருத்துவமனைகளில் தினமும் வீரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். புதைக்க இடமில்லை. 1864 மே 13 அன்று ஆர்லிங்டனில் முதல் குழி வெட்டப்பட்டது. அதில் அடக்கம் செய்யப்பட்ட வில்லியம் கிறிஸ்ட்மன், பென்சில்வேனியாவில் இருந்து வந்த இளம் சிப்பாய். படையில் சேர்ந்த சில வாரங்களில், ஒரு சண்டையைக்கூடப் பார்க்காமல் நோயில் இறந்தவர். உடலை ஊருக்குக் கொண்டுபோக வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள்தான் ஆரம்பத்தில் இங்கே அதிகம் புதைக்கப்பட்டார்கள்.

கல்லறைகளை மேரியின் ரோஜாத் தோட்டத்தை ஒட்டியே அமைக்கச் சொன்னவர் மான்ட்கோமரி மெய்க்ஸ் என்ற ராணுவ அதிகாரி. லீயின் குடும்பம் இனி ஒருநாளும் இங்கே வந்து குடியிருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அடுத்த சில மாதங்களில் அவருடைய சொந்த மகனும் போரில் இறந்தார். அந்த மகனின் கல்லறையும் பிறகு ஆர்லிங்டனுக்கே வந்து சேர்ந்தது.

லீயின் மகன் வழக்கு தொடுத்தார். நிலத்தை எடுத்தது செல்லாது என்று 1882-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், அதற்குள் ஆயிரக்கணக்கானோர் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அவர்களை எங்கே கொண்டுபோவது? 1883-ல் 1,50,000 டாலருக்கு நிலத்தை அரசுக்கே விற்றார் மகன். அரசின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்ட போர்த்துறை அமைச்சர் யார் தெரியுமா? ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட். அவரும் இப்போது ஆர்லிங்டனில்தான் உறங்குகிறார்.

'குடிமகன்' என்று ஒரு கல்

இன்று 600 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வரிசை பிசகாத வெள்ளைக் கற்களைப் பார்த்தால், சாவுக்கு முன் எல்லோரும் சமம் என்று தோன்றும். அந்தச் சமம் சும்மா கிடைத்துவிடவில்லை.

27-வது பகுதியில் சுமார் 3,800 கறுப்பின மக்களின் கல்லறைகள் உள்ளன. அடிமைத்தளையில் இருந்து விடுபட்டு வாஷிங்டன் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். ராணுவத்தில் இல்லாத அவர்களின் கற்களில் 'குடிமகன்' அல்லது 'பொதுமக்களில் ஒருவர்' என்று பொறித்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது சட்டம் அவர்களில் பலருக்குக் கொடுக்காத சொல் அது. நாட்டுக்காகப் போரிட்ட கறுப்பின வீரர்களையும் பல காலம் தனிப் பகுதிகளில்தான் புதைத்தார்கள். படைகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்ட 1948-ல்தான் அது முடிவுக்கு வந்தது. கிளாடிஸ் தன் தோழிகளைச் சேர்த்த அதே வருடம்!

காலியாக இருக்கும் கல்லறை

ஆர்லிங்டனில் கூட்டம் அதிகம் சேருமிடம், பெயர் தெரியாத வீரரின் நினைவிடம். முதல் உலகப் போரில் இறந்த, அடையாளம் காண முடியாத ஒரு வீரரை 1921 நவம்பர் 11 அன்று இங்கே அடக்கம் செய்தார்கள். 1937-ல் இருந்து இரவு பகலாக, ஒரு நிமிடம்கூட விடாமல் காவல் நடக்கிறது. காவல் வீரர் 21 அடி எடுத்து வைப்பார், நின்று 21 விநாடி காத்திருப்பார், திரும்பி மறுபடி 21 அடி. 21 குண்டு மரியாதையைக் குறிக்கும் எண் இது.

பிறகு இரண்டாம் உலகப் போர், கொரியப் போர், வியட்நாம் போர் ஆகியவற்றில் இருந்தும் தலா ஒரு வீரர் இங்கே வந்தார்கள். 1984-ல் அடக்கம் செய்யப்பட்ட வியட்நாம் வீரர் தங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்று ஒரு குடும்பம் விடாமல் கேட்டது. 1998-ல் கல்லறையைத் திறந்து மரபணுச் சோதனை செய்தார்கள். 1972-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாஸி அவர் என்று உறுதியானது. 26 வருடங்கள் கழித்து சொந்த ஊரான செயின்ட் லூயிஸ் பக்கம் எடுத்துச் சென்று, பெயர் பொறித்த கல்லின் கீழ் அடக்கம் செய்தார்கள்.

அவர் இருந்த இடத்தில் இன்னொருவரை வைக்கவில்லை. அந்தக் கல்லறை காலியாகவே இருக்கிறது. கிடைக்காமல் போனவர்களை மறக்க மாட்டோம் என்ற பொருளில் அதன் மேல் ஒரு வாசகம் மட்டும்.

நேரில் போகிறவர்களுக்கு...

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலர் வாஷிங்டனையும் சுற்றிப் பார்க்கிறார்கள். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் 'ஆர்லிங்டன் செமட்ரி' நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். நடந்து பார்க்கக் கட்டணம் இல்லை. புகைப்பட அடையாள அட்டையை மறக்காதீர்கள். கல்லறைத் தோட்டத்தின் செயலியில் பெயரைத் தேடினால், ஒருவரின் கல் எங்கே இருக்கிறது என்று போனிலேயே வழி காட்டும். ஜனாதிபதி கென்னடியின் சமாதியில், 1963-ல் அவர் மனைவி ஜாக்குலின் ஏற்றிய சுடர் இன்றும் எரிகிறது.

முடிந்தால் 60-வது பகுதிக்கும் போய்வாருங்கள். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இறந்தவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் கழித்துப் பார்த்தால் பல கற்களில் இருபது, இருபத்திரண்டு என்றுதான் வரும். அங்கே மட்டும் செல்போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பக்கத்துக் கல்லின் அருகில் அந்தப் பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருக்கக்கூடும்.