பார்த்தது ஒரு டேபிள், நினைச்சது இன்னொரு டேபிள்

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஒரு சின்ன வெப் ஆப். காலேஜ் வானியல் கிளப்ல ராத்திரி டெலஸ்கோப்ல பார்த்ததை எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க. அதை ஃப்ளாஸ்க், எஸ்க்யூஎல்-ஆல்கெமி வெச்சு டேட்டாபேஸ்ல ஏத்தணும், தேடினா கிடைக்கணும். அவ்வளவுதான்.

கோடு சிம்பிள். ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்கி செஷன்ல ஆட் பண்ணணும், அப்புறம் கமிட். கமிட் ஆகாத வரைக்கும் அந்தப் பதிவு நிரந்தரம் இல்லை. தேட, செலக்ட் போட்டு வேர்ல நிபந்தனை கொடுத்தா போதும். சண்டை வந்தது காலம்ல. "‘என்ன பார்த்தோம்’னு ஒரே காலம் போதும்டா, தப்புன்னா அப்டேட் பண்ணிக்கலாம்"னான் நண்பன். நான் ஒத்துக்கலை. காரணம், காவலூர்.

எங்க வாணியம்பாடிப் பக்கம் ஜவ்வாது மலையில இருக்கிற வானாய்வகம் அது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகுதுன்னு, அங்கே 1 மீட்டர் டெலஸ்கோப்பில் அந்த நட்சத்திரத்தின் ஒளியைத் தொடர்ந்து பதிவு பண்ணினாங்க. யுரேனஸ் மறைக்கும்னு எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னாடியே ஒளி சில நொடி மங்கிச்சு. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள்னு ‘நேச்சர்’ இதழில் எழுதினாங்க. ஆனா அமெரிக்காவின் குய்ப்பர் விமான ஆய்வகத்திலும் மற்ற இடங்களிலும் கிடைச்ச பதிவுகளோட சேர்த்துப் பார்த்தப்போ, அது யுரேனஸைச் சுத்தி இருக்கிற வளையம்!

விளக்கம் மாறிச்சு, பதிவு மாறலை. வெறும் ‘துணைக்கோள்’னு மட்டும் எழுதி வெச்சிருந்தா, ஒப்பிட என்ன மிஞ்சியிருக்கும்?

அதனால ரெண்டு டேபிள் போட்டோம். ‘பதிவு’ டேபிள்ல நேரம், இடம், பார்த்தவர், கண்ணுக்குத் தெரிஞ்சது. இதுல புதுசா சேர்க்கலாம், மாத்த முடியாது. ‘விளக்கம்’ டேபிள்ல அது என்னன்னு நாம நினைக்கிறது, தேதியோட. ஒவ்வொரு வரியும் ஃபாரின் கீ வழியா ஒரு பதிவைக் காட்டும். கருத்து மாறினா புது வரி வரும், பழசு அப்படியே இருக்கும். லேட்டஸ்ட் வேணும்னா தேதியை இறங்கு வரிசையில அடுக்கி முதல் வரியை எடுத்துக்கலாம்.

"ஜாயின் எழுதணுமே"ன்னு நண்பன் முணுமுணுத்தான். எழுதணும்தான். ஆனா அதுல ஒரு லாபம் இருக்கு. நோட்டுல சில இடத்துல "மங்கலா ஒரு புள்ளி, என்னன்னு தெரியல"ன்னு மட்டும் இருக்கும். அதுக்குப் பதிவு உண்டு, விளக்கம் கிடையாது. அவுட்டர் ஜாயின் போட்டு, விளக்கம் நல்லா இருக்கிற பதிவுகளை மட்டும் எடுத்தா ஒரு பட்டியல் வரும். ‘நல்’னா நம்ம ஊர் ‘நல்ல’ இல்லை, காலி!

அடுத்த மேகமில்லாத ராத்திரியில ஜூனியர்ஸ் முதல்ல தேடப் போறது அந்தப் பட்டியலைத்தான்.