பதம் இழந்த பலகை

பரமபத சோபான படம் என்ற பெயரில் நான்கு சொற்கள் இருக்கின்றன. பரமம் என்றால் உயர்ந்தது. சோபானம் என்றால் படிக்கட்டு. படம் ஓவியத்தைக் குறிக்கும். தமிழில் பாம்பு எடுப்பதும் படந்தான் என்பதால் அச்சொல் இந்த விளையாட்டுக்குத் தற்செயலாகவே பொருந்திவிட்டது. எஞ்சியிருக்கும் ‘பதம்’ என்ற சொல்தான் இப்பதிவை எழுத வைத்தது. வடமொழி வழி வந்த அச்சொல்லுக்குப் பாதம், இடம், நிலை ஆகிய பொருள்கள் உண்டு. ‘சொல்’ என்ற பொருளும் உண்டு. பழைய பலகையின் ஒவ்வொரு கட்டமும் இந்த எல்லாப் பொருள்களிலும் ஒரு பதம். காய் அங்கே கால் ஊன்றுகிறது. அது ஓர் இடம். அவ்விடம் ஒரு நிலை. அந்நிலைக்கு ஒரு பெயர். இன்று நாம் கைப்பேசியில் ஆடும் ‘பாம்பும் ஏணியும்’ பலகையில் இடம் இருக்கிறது, பெயர் இல்லை. 1 முதல் 100 வரை எண்கள் மட்டுமே நிற்கின்றன.

மூலத்தையும் அதன் மறுவாக்கங்களையும் ஒப்பிடும்போது வழக்கமாக எழும் புலம்பல் ஒன்றுண்டு: ‘அறம் போதித்த விளையாட்டை வெள்ளைக்காரர் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டாக்கிவிட்டார்கள்.’ அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பற்றி எழுதவே விரும்புகிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு ஒரே மூலப் பலகை இருந்ததில்லை. ‘ஞான சௌபர்’ என்ற பொதுப்பெயரில் அறியப்படும் வடநாட்டுப் பலகைகளை ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு 1985இல் வெளியான தம் ஆய்வுக்கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். வைணவப் பலகைகளில் பெரும்பாலும் 72 கட்டங்கள். சமணப் பலகைகளில் 84. சூஃபிப் பலகைகளும் உண்டு, அவற்றில் ஏறத்தாழ 100. உச்சியில் ஒன்றில் வைகுண்டம், மற்றொன்றில் சித்தர் உலகம், வேறொன்றில் இறைவனின் அரியணை. தமிழ்நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படும் பரமபதம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கீழே விலங்குகளும் அரக்கர்களும், மேலே செல்லச் செல்ல முனிவர்களும் தேவர்களும், உச்சியில் திருமாலின் இருப்பிடம் என்பது அச்சுத்தாள்களின் பொது அமைப்பு.

1892இல் லண்டனில் எஃப்.எச். அயர்ஸ் நிறுவனம் இதன் ஆங்கில வடிவத்தைப் பதிவு செய்தது. விக்டோரியா காலப் பலகைகளில் பெயர்கள் இன்னும் இருந்தன. சிக்கனம், உழைப்பு, மனம்வருந்துதல் ஆகியவை ஏணிகளாயின. சோம்பல், கீழ்ப்படியாமை, மிதமிஞ்சிய நுகர்வு ஆகியவை பாம்புகளாயின. பாம்பின் வால்நுனியில் நரகம் இல்லை. வறுமையும் நோயும் அவமானமும் இருந்தன. 1943இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையே நீக்கி, விளையாட்டுத் திடலின் சறுக்குமரங்களை வைத்தது. அங்கே சொற்கள் போய்ச் சித்திரங்கள் மிஞ்சின: நல்ல காரியம் செய்யும் பிள்ளை ஏறுகிறது, குறும்பு செய்யும் பிள்ளை சறுக்குகிறது. கடைசியில் கைப்பேசி. 2016இல் வெளியான ‘லூடோ கிங்’ செயலிக்குள்ளும் பாம்பும் ஏணியும் ஆடலாம். அதை உருவாக்கிய நிறுவனம் நவி மும்பையில் இருக்கிறது. நான் வசிக்கும் டிராம்பேயிலிருந்து பார்த்தால் தானே கடற்கழிக்கு அக்கரை. மண்ணிலிருந்து புறப்பட்ட விளையாட்டு லண்டன், அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் கரையருகே திரும்பியபோது கையில் எண்களை மட்டுமே கொண்டுவந்திருக்கிறது.

மொழியியல் படித்தவர்களுக்கு இந்தப் பயணம் பழக்கமான ஒன்றாகத் தோன்றும். ஒரு மொழியின் இலக்கணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் சொற்களை மட்டும் வேறொரு மொழியிலிருந்து எடுத்து நிரப்புவதை ‘ரீலெக்சிஃபிக்கேஷன்’ என்கிறோம். மறுசொல்லேற்றம் என்று தமிழில் வழங்கலாம். எக்குவடோரின் ‘மீடியா லெங்குவா’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. பீட்டர் முய்ஸ்கன் ஆராய்ந்த அம்மொழியில் விகுதிகளும் தொடரமைப்பும் கெச்சுவா. வேர்ச்சொற்கள் பெரும்பாலும் ஸ்பானியம். பரமபதத்துக்கு நேர்ந்ததும் இதுவே. ஏறு, இறங்கு, உருட்டு, காத்திரு என்ற இலக்கணம் மாறவில்லை. வைணவச் சொற்களின் இடத்தில் சமணச் சொற்கள், சூஃபிச் சொற்கள், விக்டோரியச் சொற்கள் வந்து அமர்ந்தன. ஆகவே சொற்களை மாற்றியது வெள்ளைக்காரர் தொடங்கிய காரியம் அல்ல. நாமே நமக்குள் பலமுறை செய்துகொண்டதுதான். அண்மைக் காலத்தில் நடந்தது வேறு. பழைய சொல் போன இடத்துக்குப் புதிய சொல் வரவில்லை.

இலக்கணமும் முற்றிலும் மாறாமல் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பரமபதத்துக்கு இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள்: வெறுமை, 1, 2, 3. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்று கொள்வது மரபு. 7 முதல் 11 வரை விழவே விழாது. அதிகம் விழுவது 3. தாயம், அதாவது ஒன்று, 16இல் இருமுறைதான் விழும். தாயம் போடாமல் காய் கட்டத்துக்குள் நுழைய முடியாது என்பது எங்கள் வீட்டு வழக்கு. கணக்குப்படி சராசரியாக எட்டு முறை உருட்ட வேண்டும். அமெரிக்கப் பலகையில் முதல் சுழற்றிலேயே எல்லோரும் புறப்பட்டுவிடுகிறார்கள். பழைய ஆட்டத்தில் பிறப்பதற்கே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு வளரும்.

பாம்புகளின் எண்ணிக்கையும் மாறியது. ஆங்கில நூல்களில் பரவலாக எடுத்தாளப்படும் ஓர் இந்தியப் பலகையில் ஏணிகள் 5, பாம்புகள் 12. மில்டன் பிராட்லி பலகையில் ஏணிகள் 9, சறுக்குமரங்கள் 10. அந்த அமெரிக்கப் பலகையில் தனியொருவர் ஆடி முடிக்கச் சராசரியாக 39.2 சுழற்றுகள் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இக்கணக்கைச் செய்ய முடிவதற்குக் காரணம், இந்த விளையாட்டு ஒரு மார்க்கோவ் சங்கிலி. அடுத்து எங்கே போவோம் என்பது இப்போது நிற்கும் கட்டத்தையும் உருளும் கட்டையையும் மட்டுமே பொறுத்தது. இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்கு அதில் இடமில்லை. (மார்க்கோவ் 1913இல் இக்கருத்தைப் பொருத்திக் காட்டியது புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ நூலிலுள்ள 20,000 எழுத்துகளின் வரிசையில் என்பது நம் துறைக்குக் கிடைத்த சிறிய பெருமை.)

இங்கேதான் மூலப் பலகையின் முரண் வெளிப்படுகிறது. வினைக்கொள்கை என்பது நினைவின் கொள்கை. செய்தது எதுவும் தொலைந்துபோகாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அக்கொள்கையைக் கற்பிக்க நம் முன்னோர் தேர்ந்தெடுத்த கருவிக்கு நினைவே கிடையாது. கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது, பாம்பு விழுங்குகிறது. நடந்தது தற்செயல், எழுதியிருப்பது காரணம். பெயர்களை அழித்துவிட்டால் தற்செயல் தற்செயலாகவே தெரியும். அந்த அளவில் கைப்பேசிப் பலகை மூலத்தைக் காட்டிலும் நேர்மையானது. விழுந்தவரைப் பார்த்து ‘நீ செய்த பாவம்’ என்று அது சொல்வதில்லை.

இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. மேலே குறிப்பிட்ட 12 பாம்புகளில் திருட்டு, பொய், கொலை, பேராசை ஆகியவற்றோடு ‘கடன்’ என்ற பாம்பும் இருக்கிறது. கடன் வாங்கியவர் கொலைகாரரின் வரிசையில் வைக்கப்படுகிறார். விக்டோரியப் பலகையும் அதே குரலில்தான் பேசியது: சோம்பியிருந்தாய், வறுமைக்குப் போ. இரண்டு பலகைகளும் வீழ்ச்சியின் காரணத்தை விழுந்தவரிடமே தேடுகின்றன.

எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி வெறும் தத்துவம் அல்ல. டிராம்பேயின் சீட்டா கேம்ப், 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய இடம். அந்த இடிப்பை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். 2000இல் மகசேசே விருது பெற்றவர். அகற்றப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். என் ஆச்சி மாட்டுங்காவில் வாங்கிவந்த பரமபதத் தாளை விரித்து ஆடும்போது உடன் அமர்ந்தவர்களில் அப்படி வந்த ஒருவரும் உண்டு. ஆச்சியைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இஸ்லாமியர். ஏகாதசி அவருக்குப் பொருட்டல்ல, விளையாட்டு பொருட்டு.

ஒருமுறை உச்சிக்குச் சற்றுக் கீழே அவருடைய காயைப் பெரிய பாம்பு விழுங்கியது.

“இது எதுக்கு மதினி கொத்துது?” என்று கேட்டார்.

ஆச்சி எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்: “அகந்தைன்னு போட்டிருக்கு.”

“நமக்கு எங்க மதினி அகந்தை? எழுபத்தாறுல வீட்ட இடிச்சாங்களே, அப்ப எந்தக் கட்டத்துல நின்னோம்? அதுக்கு என்ன பேரு போட்டிருக்கான், பாரு.”

ஆச்சி தாளை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்குப் பேரு போடல மதினி” என்றார். பிறகு, “போடலேன்னா என்ன, நாம வச்சுக்குவோம்” என்று சொல்லிக் கட்டையை அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பாம்புக்கு ‘எழுபத்தாறு’ என்று பெயர். அது நின்ற கட்டத்தின் எண் வேறு.

பல ஆண்டுகள் கழித்து, மொழியியல் வகுப்பில் பெயரிடுதலைப் பற்றிப் படித்தபோது இந்த உரையாடலின் முக்கியத்துவம் எனக்குப் புரிந்தது. அவர் பலகையோடு வழக்காடினார். வழக்காட முடிந்ததற்குக் காரணம் அதில் ஒரு சொல் இருந்தது. ‘அகந்தை’ என்பது ஒரு கூற்று. அதை மறுக்கலாம், திருத்தலாம், அதன்மேல் வேறொன்றை எழுதலாம். 97 என்பது கூற்று அல்ல. 97ஆம் கட்டத்தில் பாம்பு இருந்தால் இருக்கிறது, அவ்வளவுதான். ‘இது எதுக்குக் கொத்துது’ என்ற கேள்வியை எண் பலகையிடம் கேட்கவே முடியாது. விழுந்தவர்மேல் பழிபோடாத நேர்மைக்கு அது பெறும் விலை இதுதான்: பழியோடு சேர்த்துக் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறது.

மும்பையின் குடிசைப்பகுதிகளில் வாழ்பவர்களுக்கு எண்கள் எப்படிக் கொத்தும் என்று தெரியும். மகாராட்டிரத்தின் குடிசை மறுவாழ்வு விதிகளில் ‘கட் ஆஃப்’ தேதி என்று ஒன்று உண்டு. முதலில் அது 1995 ஜனவரி 1. பின்னர் 2000 ஜனவரி 1. அதற்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டுபவருக்கு ஏணி. அடுத்த நாள் வந்தவருக்குப் பாம்பு. பின்னாளில் 2011 வரை வந்தவர்களுக்கு விலைகொடுத்துப் பெறும் வீடு என்ற இடைப்படியும் சேர்ந்தது. இந்தப் பலகையில் யாரையும் அகந்தைக்காரர் என்றோ சோம்பேறி என்றோ எழுதியிருக்காது. எண் மட்டும் இருக்கும். அதனாலேயே அது நடுநிலையானது போலத் தோன்றும்.

பழைய விளையாட்டுகளை மீட்டெடுக்கும் முயற்சிகள் இன்று பெருகியிருக்கின்றன. சென்னையின் ‘கிரீடா’ போன்ற நிறுவனங்கள் அவற்றை மீண்டும் கடைகளுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மீட்பது என்றால் பழைய சொற்களைப் பழையபடியே அச்சிடுவது என்று மட்டும் பொருள்கொண்டால், கடன்பட்டவரை மீண்டும் கொலைகாரரின் வரிசையில் நிறுத்துவோம். எண்களோடு விட்டுவிட்டால் கேட்க வாயில்லாத பலகையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். மூன்றாவது வழி இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. சமணரும் வைணவரும் சூஃபிகளும் செய்ததைத்தான் என் ஆச்சியும் செய்தார்: பலகையை ஏற்றுக்கொண்டு, பதத்தை மாற்றிக்கொண்டார்.

உங்கள் வீடுகளில் பழைய பரமபதத் தாள் இருந்தால் ஓர் உதவி வேண்டும். படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அச்சகத்தின் பெயர் தெரிந்தால் குறிப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தாளில் இல்லாமல் உங்கள் வீட்டார் தாங்களாகவே ஏதேனும் பாம்புக்கோ ஏணிக்கோ பெயர் வைத்திருந்தால் அதை எழுதுங்கள். அச்சிட்ட பெயர்கள் அருங்காட்சியகங்களில் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். வீட்டுப் பெயர்கள் வைத்தவரோடு போய்விடும்.