மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு

தந்தையார் காலமான பின்னர், கருணை அடிப்படையில் எனக்கு ரெயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது. ஆகையால் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறிய நான், என் தகுதிகளை எழுதியனுப்பி வேலை கேட்டதே இல்லை. என் தம்பிக்கு அவ்வழி இல்லை. வணிகவியல் பட்டதாரியாகிய அவன், மும்பைக் கம்பெனிகளுக்கு ஐந்து மாதங்களில் 43 மனுக்கள் அனுப்பினான். ஒன்றுக்கேனும் அழைப்பு வரவில்லை. வீட்டில் பேச்சைக் குறைத்தான், சோற்றையும் குறைத்தான். "படித்து என்ன கண்டேன், அண்ணா?" என்று அவன் கேட்ட இரவு எனக்கு உறக்கமில்லை.

கம்பெனியொன்றில் ஆள் சேர்க்கும் பிரிவிலுள்ள நண்பர் அவனுடைய சுயவிவரத்தைப் பார்த்தார். "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரிய கம்பெனிகள் பலவற்றில் இதை முதலில் படிப்பது கம்ப்யூட்டர் அல்லவா?" என்றார். அதிலுள்ள எழுத்துக்களை மட்டும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிக் காட்டினார். இரண்டு பத்திகளாயிருந்த வரிகள் கலந்து, கல்லூரியின் பெயரோடு தொலைபேசி எண் ஒட்டிக்கொண்டிருந்தது. படமாக அமைத்திருந்த திறமைப் பட்டியலையோ காணவே இல்லை!

எங்கள் பார்சல் ஆபீஸ் என் நினைவுக்கு வந்தது. மூட்டைக்குள் பட்டே இருக்கலாம். மேலுள்ள சீட்டைப் படிக்க முடியாவிடில் அது மூலையில்தான் கிடக்கும்.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தோம். பத்தி ஒன்றே, கட்டமும் படமும் இல்லை. கல்வி, அனுபவம், திறமை என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் வழக்கமான தலைப்புகளையே இட்டோம். விளம்பரத்தில் 'ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்' என்றிருந்தால், 'வரி வேலை' என்னாமல் அச்சொல்லையே எழுதினோம். ஒவ்வொரு மனுவுக்கும் விளம்பரத்தைப் படித்துச் சொற்களை மாற்றினோம். தெரியாத எதையும் சேர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் சொற்களை நிரப்புவோரும் உண்டாம். பட்டு என்று சீட்டு ஒட்டி உள்ளே வைக்கோலை வைத்தால், மூட்டையைப் பிரிக்கும்போது மானம் போகாதா?

மூன்றாவது வாரத்தில் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆயினும் அன்று தம்பி மறுசோறு கேட்டு வாங்கி உண்டான்.

அழைப்பு வராத பிள்ளையைத் தகுதியற்றவன் என்று நம் வீடுகளில் எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் சீட்டைப் பாருங்கள்.