மனம் பேசும் மொழி

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நாம், கடைத்தெருவில் பேச இந்தியையும் மராத்தியையும், அலுவலகத்தில் பேச ஆங்கிலத்தையும் ஒருவாறு கற்றுக்கொள்கிறோம். ஆயினும், செய்த பிழையை எண்ணி வருந்தும் வேளையில் மனம் பேசுவது தாய்மொழியில்தான் அன்றோ? கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இஃது ஒரு சிறு விஷயமன்று.

பாவசங்கீர்த்தனம் என்று முன்னோர் வழங்கியதை இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். பெயர் மாறினும் அதற்கு வேண்டியவை மாறவில்லை. ஞானோபதேசத்தில் நாம் மனப்பாடம் செய்தவை ஐந்து: பாவங்களை நினைத்துப் பார்த்தல், அவற்றுக்காக மனம் நோதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல், குருவிடம் வெளிப்படுத்துதல், அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்த்தல். கனமான பாவங்களை இன்னவை என்றும் இத்தனை முறை என்றும் சொல்ல வேண்டும். 1551-இல் திரெந்துப் பொதுச்சங்கம் உரைத்த இதனையே 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் கூறுகிறது. மறதியால் ஒன்று விடுபட்டால் குற்றமில்லை. நினைவு வந்தபின் அடுத்த முறை சொல்லிவிடலாம். வெட்கத்தால் வேண்டுமென்றே மறைத்தாலோ, செய்த சங்கீர்த்தனம் முழுவதுமே வீணாகும்.

தூத்துக்குடியிலிருந்து நம் தாயார் வந்து தங்கியபோதுதான் இதிலுள்ள சங்கடம் புலப்பட்டது. அவர் தமிழன்றி வேறொன்றும் அறியார். பங்குக் குருவோ தமிழ் அறியார். மொழிபெயர்ப்பவர் ஒருவரைத் துணைகொள்ளத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கிறது. கேட்டதை வெளியிடாதிருக்க அவரும் கடமைப்பட்டவர். இதை எடுத்துக் கூறி, "உங்கள் மருமகளே துணைக்கு வருவாள், அம்மா" என்றோம்.

தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவள்மேல் நான் வைத்த கோபத்தை அவள் வாயாலேயே சொல்லச் சொல்கிறாயா, ஐயா?" என்றார். நாம் விடையின்றி நின்றோம்.

தமிழறிந்த குரு வேண்டும் என்று மட்டும் பங்குக் குருவிடம் தெரிவித்தோம். தவக்காலத்தில் அத்தகைய குரு ஒருவர் வருவார் என்றும், அதுவரை தாயார் அஞ்ச வேண்டியதில்லை என்றும் அவர் ஆறுதல் கூறினார். இறைவன்மீது கொண்ட அன்பினால் எழும் உத்தம மனஸ்தாபம், இயன்றவுடன் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு கூடியிருப்பின், கனமான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது திருச்சபையின் போதனை. இரண்டு மாத காலம் தாயார் இரவுதோறும் மனஸ்தாப மந்திரம் சொல்லிக் காத்திருந்தார்.

தவக்காலம் வந்தது, குருவும் வந்தார். அன்று மாலை தாயார் மருமகளை அருகே அமர்த்தித் தலை பின்னிவிட்டார். குருவிடம் என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை, கேட்பது முறையுமன்று.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் இல்லங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்காக மருத்துவர் வீட்டையும் மருந்துக் கடையையும் விசாரித்து வைக்கிறோம். தமிழில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு எக்கோயிலில், எந்நாளில் அமர்வார் என்பதையும் கத்தோலிக்க அன்பர்கள் அறிந்து வைத்து, ஒருவருக்கொருவர் தெரிவித்தல் நலம். உடல் நோயைப் பிறர் வாயால் மருத்துவரிடம் சொல்லிவிடலாம். மனத்தின் நோயை அவரவர் மொழியில் அவரவரே சொன்னால்தான் ஆறுதல் பிறக்கும்.