அப்பா போடும் கஞ்சி



பருத்தி நூலும், அதற்குப் போடும் மரவள்ளி மாவுக் கஞ்சியும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையால் கோத்த மாலைகள்தான் என்றால் நம்புவீர்களா? கோத்திருக்கும் முடிச்சு மட்டும்தான் வேறு. கஞ்சியில் ஆல்ஃபா பிணைப்பு, பருத்தியில் பீட்டா பிணைப்பு. அமிலத்தில் ஊற வைத்தால் கஞ்சி போகும். கவனம் தப்பினால் துணியும் நைந்துபோகும். அமைலேஸ் என்ற என்ஸைமோ ஆல்ஃபா முடிச்சை மட்டுமே வெட்டும். துணிக்கு ஒன்றும் ஆகாது.

எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வேலை. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்: "ஏங்கண்ணு, நாங்க ஆவியில வெந்து போடற கஞ்சிய, நீங்க படிச்சுட்டு வந்து கழுவி ஊத்துவீங்களாக்கும்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவர் போடுவதை அழிக்கவா அவர் காசில் படிக்கிறேன்?

"கஞ்சி இல்லாட்டி தறியில நூல் அறுந்துருமுங்கப்பா. நெஞ்ச பின்னாடி கஞ்சி இருந்தா சாயம் சரியா ஏறாதுங்க. ரெண்டு வேலையும் வேணுமுங்க" என்றேன்.

"சரி, எப்படி எடுப்பீங்க, சொல்லு" என்றார். சொன்னேன்.

பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியா தரும் அமைலேஸ், 483 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் வெட்டும் வேலைக்கு முக்கியமானவை மூன்று: 231, 261, 328ஆம் இடங்களில் இருப்பவை. நீட்டி வைத்தால் ஒன்றுக்கொன்று எட்டாது. சங்கிலி மடிந்து பீப்பாய் போல ஆகும்போது மூன்றும் ஒரே பள்ளத்தில் வந்து கூடுகின்றன. கஞ்சி மாலை அந்தப் பள்ளத்தில் படிந்தால் வெட்டு விழும். மடிப்பு குலைந்தால் 483-ம் அப்படியே இருக்கும். வேலை மட்டும் நடக்காது!

சூடு பட்டால் பல என்ஸைம்கள் குலைந்துவிடும். இதுவோ 90 டிகிரியிலும் தாங்குகிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் கால்சியம். பள்ளத்தின் அருகே இரண்டு கால்சியம், நடுவே ஒரு சோடியம் உட்கார்ந்து மடிப்பை இறுக்கிப் பிடிப்பதாக 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றை எடுத்துவிட்டால் பள்ளத்தின் ஓரம் ஒழுங்கில்லாமல் தளர்ந்து கிடக்கும்.

"அட, நூல் பிரியாம கஞ்சி புடிக்கற மாதிரி, அத கால்சியம் புடிக்குதா!" என்றார் அப்பா. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

நண்பர்களே, சாயத்துக்கு உப்புத்தண்ணி ஆகாது என்று கால்சியத்தை நீக்குகிறோம். அதைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. போன்ற மருந்தும் சேர்க்கிறோம். சாயத்துக்கு அது சரி. கஞ்சி எடுக்கும் தொட்டியில் அதையே செய்தால் என்ஸைம் சூட்டில் சீக்கிரம் குலைந்துவிடும். அதனால்தான் தண்ணீர் மிக மென்மையாக இருந்தால் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம்.

நாளை வேலைக்குப் போன இடத்தில், கஞ்சி எடுத்த துணியில் அயோடின் சொட்டு நீலமாக மாறினால், உடனே என்ஸைம் மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீரில் கால்சியம் இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.